திரும்பி வந்த கட்டிலுக்கு என்ன பூசுவது

என் சீர் சாமான்களை ஏற்றிய மினி லாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நல்ல பகல். பொழுது சாய்ந்து, ஜனங்கள் வீட்டுக்குள் அடங்கிய பிறகு கொண்டுவரலாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் இதே சாமான்கள் மேளத்தோடு இந்தத் தெரு வழியாகத்தான் போயின. போகும்போது நின்று பார்த்தவர்கள் வரும்போதும் நின்று பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அண்ணன் டிரைவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, துண்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தான், வெயிலுக்கு என்பதுபோல.

நான் அரியலூர் டவுனில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறேன். பெயிண்ட் மட்டுமல்ல, ஆணி, கீல், தாழ்ப்பாள், மரத்துக்குப் பூசுகிற எண்ணெய், வார்னிஷ் எல்லாம் விற்கிற கடை. காலேஜ் முடித்ததும் பில் போடத்தான் சேர்ந்தேன். கவுண்டரில் நின்றவர் வெளிநாடு போய்விட்டதால் முதலாளி என்னை அங்கே நிறுத்தினார். பெயிண்டர்களும் ஆசாரிகளும் வீடு கட்டுகிறவர்களும் நாள் முழுக்க வருவார்கள். "கதவுக்கு அடிக்கிறதுக்கு ஏதாச்சும் குடும்மா" என்பார்கள். என்ன மரம், வெயில் படுமா, மழை படுமா, யார் புழங்குவது என்று கேட்டுத்தான் டப்பாவை எடுக்க வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒரு மரத்துக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராது என்பதை அந்தக் கவுண்டரில்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் இந்தச் சாமான்கள் திரும்பி வரும்வரை ஒரு பிரஷ்ஷைக்கூட நான் எண்ணெயில் முக்கியதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் டப்பாக்கள்தான்.

என்னைத் திருமானூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். வாய்க்கால் பாசனம், கரும்பும் நெல்லும், நல்ல குடும்பம் என்றார்கள். வேலைக்குப் போகட்டும் என்று பேச்சுவார்த்தையிலேயே சொல்லியிருந்தார்கள். தினமும் பஸ்ஸில் அரியலூர் வந்து போனேன். ஆரம்பத்தில் என் புருஷன் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் டிராக்டர் சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர் எங்கள் கடை வாசலில் வந்து நின்றிருக்கிறார். நான் ஒரு பெயிண்டரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வராமலே போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "நாளையிலேருந்து போவாத" என்றார். ஏன் என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுநாள் நான் போனேன்.

அடுத்த வாரம் கடைக்கே வந்தார். முதலாளியைப் பார்த்து, "எங்க வூட்டுப் பொம்பள ஆம்பளைங்களோட நின்னு பேசி யாவாரம் பண்ற நெலமையில நாங்க இல்லைங்க" என்றார். பிறகு கவுண்டருக்கு உள்ளே வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அவரோடு பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போனதும் கை நீட்டினார். மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அரியலூர் வந்து, கடை திறக்கும்வரை வாசலில் நின்று, வழக்கம்போல வேலை பார்த்தேன். சாயங்காலம் திருமானூர் பஸ்ஸில் ஏறவில்லை. அம்மா வீட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். அவ்வளவுதான் நடந்தது. பிறகு பேச்சுவார்த்தை என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில், சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அப்படிச் சொல்லி அனுப்பினால் நான் பயந்துபோய்த் திரும்பி வருவேன் என்று நினைத்திருக்கலாம்.

நாங்கள் மினி லாரியோடு போனபோது சாமான்கள் எங்கள் அறையில் இல்லை. கொல்லையில் தகரக் கொட்டகைக்குக் கீழே கிடந்தன. கட்டிலின் மேல் உர மூட்டைகள். துணி அலமாரி சுவர் ஓரமாக, சாரல் அடிக்கும் பக்கமாக நின்றது. சாப்பாட்டு மேஜையில் பால் கேன்கள். அண்ணன் மூட்டைகளை இறக்கினான். உரம் கசிந்து கட்டில் பலகை வெள்ளையும் கறுப்புமாகப் பூத்துப்போயிருந்தது.

மாமியார் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எடுத்துட்டுப் போங்க. இனிமே அந்தக் கட்டில்ல யாரு படுக்கப் போறா" என்றார்.

"நான்தான் படுக்கப் போறேன் அத்தை" என்றேன்.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா சிமென்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தவர். அவருடைய அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுதவர். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் கட்டில் கிடையாது, பாய்தான். எனக்கு மட்டும் தேக்கில் கட்டில் செய்ய வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். மரம் வாங்க அவரே ஆசாரியோடு போய்ப் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து வந்தார். துணி அலமாரி எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தை அறுத்துச் செய்தது. மேஜை அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அவன் பெரம்பலூரில் குடியிருக்கிறான். பாடாலூரில் ரோட்டோரம் ஃபர்னிச்சர் விற்கிற கடையில் பார்த்துப் பிடித்துப்போய், ரப்பர் மரத்தில் செய்த அந்த மேஜையை வாங்கி அனுப்பினான். கல்யாணம் முடிந்த வருஷமே அப்பா இறந்துவிட்டார்.

லாரி வந்து நின்றதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடினார்கள். அம்மா வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "வூட்டுக்குள்ள ஏத்தாத பாப்பா. வாழாத சாமான். கொல்லையில போட்டுட்டுப் பழைய சாமான்காரனைக் கூப்புடுவோம்" என்றாள்.

"வாழாதது சாமான் இல்லம்மா" என்றேன்.

"அதுதான் நானும் சொல்றேன். ஊரு வாயில ஏன் வுழுவணும். கண்ணு மறைவா வித்துடு."

அண்ணனும் அதையே சொன்னான். விற்கமாட்டேன் என்றேன். அவனும் டிரைவரும் சாமான்களைத் தெருவோரம் புங்கமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக் கொல்லை குறுகலானது, கட்டிலைப் போட்டுச் சுற்றி வேலை செய்ய இடம் இல்லை. அதனால் புங்கமரத்தடியிலேயே வைத்துச் சரிசெய்வது என்று முடிவு செய்தேன். இடம் இருந்திருந்தாலும் அங்கேதான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

காலையில் கடைக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம், ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க. இப்படித்தான் வேலை நடந்தது. முதலில் உரத்தின் உப்பை எடுக்க வேண்டியிருந்தது. உப்பு உள்ளே இருந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை மரம் இழுத்துக்கொண்டே இருக்கும், மேலே எதைப் பூசினாலும் நிற்காது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நிழலில் நிறுத்தி உலர்த்தி, மறுபடி கழுவினேன். பிறகு உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் முரட்டுத்தாள், பிறகு நடுத்தரம், பிறகு நைஸ். சாம்பல் நிறமாக இருந்த மேல்தோல் தூளாகி உதிர்ந்தது. அதற்குக் கீழே தேக்கு அப்படியே இருந்தது. வெயில் ஏற ஏற அதன் வாசனை கிளம்பிற்று. உரமும் மழையும் மேலே மட்டும்தான் தின்றிருந்தன.

என்ன பூசுவது என்று நான் ரொம்ப யோசித்தேன். கடையில் யாராவது தேக்குக் கட்டில் என்று வந்தால், பளபளவென்று வேண்டுமா, மரம் மரமாகவே தெரிய வேண்டுமா என்று கேட்பேன். பெரும்பாலும் பளபளப்புதான் கேட்பார்கள். ஆனால் எங்கள் தெருவில் பளபளப்புக்கு வழியில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சுரங்கத்திலிருந்து ஆலைக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். புழுதி எந்நேரமும் காற்றில் இருக்கும். கொடியில் காயப்போட்ட துணியை உதறித்தான் மடிக்க வேண்டும். வார்னிஷ் மெதுவாகக் காய்வது, காயும்வரை பசைபோல இருக்கும். பூசிவிட்டுத் திரும்புவதற்குள் புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும்.

இது தெரிந்திருந்தும் முதலில் அலமாரிக்கு வார்னிஷ் அடித்தேன். அவசரம். ஏதாவது ஒரு சாமான் சீக்கிரம் பழையபடி நின்று தெருவைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது எனக்கு. லாரிகள் கிளம்பும் முன், விடிந்தும் விடியாத நேரத்தில் அடித்து முடித்தேன். சாரலில் நனைந்த வேம்பு மேலே காய்ந்திருந்தது, உள்ளே காயவில்லை. சில நாட்களில் வார்னிஷ் கண்ணில் புரை விழுந்ததுபோல வெளுத்தது. கைவைத்தால் மணல் மணலாக நெருடியது. நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வந்தது.

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே நெனச்சேன். ராசி இல்லாத சாமான்ல எதுவும் ஒட்டாது" என்றாள்.

"ராசி இல்லக்கா, ஈரம்" என்றேன்.

அவள் நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் போகும்வரை அடக்கிக்கொண்டு, பிறகு சுரண்டுகிற தகட்டை எடுத்து வார்னிஷை உரிக்க ஆரம்பித்தேன். வேம்பின் நார் ஒரே பக்கமாக ஓடாது, பின்னிக்கொண்டு போகும். ஒரு பக்கம் சுரண்டினால் இன்னொரு பக்கம் சிலும்பும். அதைச் சுரண்டி எடுக்கவே பல ஞாயிறுகள் போயின. அப்படியே காயவிட்டு, மாசி வெயில் நன்றாக அடிக்கத் தொடங்கும்வரை அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கட்டிலுக்கு எண்ணெய்தான் என்று அப்போது தெளிவாகிவிட்டது. ஆளிவிதையிலிருந்து எடுக்கிற எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்பார்கள். அதில் டர்பன்டைன் கலந்து துணியில் தொட்டுத் தேய்த்து, மரம் குடித்தது போக மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். மேலே படலம் நிற்காது, அதனால் புழுதிக்குப் பிடி கிடைக்காது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, அதனால் ரொம்பக் குடிக்காது. மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று என்று பூசினால் போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது, தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். வேலியில் விரித்துப் போடுவேன். எண்ணெய்த் துணிகள் வேலி நெடுகக் காய்ந்ததைப் பார்த்து, இந்தப் பெண் ஏதோ செய்வினை வைக்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியதாகப் பிறகு தெரிந்தது.

அண்ணன் பெரம்பலூரிலிருந்து வந்தது அந்தச் சமயத்தில்தான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே பேசினான்.

"பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் எங்கிட்ட கேக்குறான், ஒன் தங்கச்சி தெருவுல குந்திக்கிட்டுக் கட்டிலைத் தேய்க்குதாமேன்னு. நான் என்னான்னு சொல்றது?"

"ஆமான்னு சொல்லுண்ணே."

"ஒனக்கு வெளையாட்டா இருக்கு."

"வெளையாட்டு இல்ல. நான் தேய்க்கத்தான் தேய்க்கிறேன். ஆமான்னு சொன்னா அவன் வேற என்ன கேப்பான்?"

அண்ணன் வண்டியைத் திருப்பினான். "ஒரு பாலிஷ்காரனை நான் அனுப்புறேன். நீ உள்ள போ" என்றான். வேண்டாம் என்றேன். கையைப் பிடித்து இழுக்கப்பட்ட இடத்தில் இன்னும் நின்றுகொண்டிருப்பதுபோலத்தான் எனக்கு இருந்தது. உள்ளே போ என்று யார் சொன்னாலும் கால் தானாக ஊன்றிக்கொண்டது. இதை அண்ணனிடம் விளக்க எனக்குத் தெரியவில்லை. அவன் சாப்பிடாமல் போய்விட்டான்.

அதற்கடுத்த ஞாயிறு திருமானூரிலிருந்து பெரியமாமா வந்தார். அவர் என் மாமனாருடைய அண்ணன், அந்தக் குடும்பத்தில் எந்தப் பேச்சானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கார் கதவைச் சாத்திவிட்டு மரத்தடிக்கு வந்தார். நான் அப்போதுதான் கட்டிலுக்கு எண்ணெய் பூசி முடித்திருந்தேன்.

"வாங்க மாமா" என்றேன்.

"ம்" என்றவர் கட்டிலில் உட்காரப் போனார்.

"ஒக்காராதீங்க மாமா, ஈரமா இருக்கு."

மேஜைப் பக்கம் போனார். அதை அன்று காலைதான் சோப்புத் தண்ணீரால் கழுவி வைத்திருந்தேன். "அதுவும் ஈரம்ங்க" என்றேன். வீட்டிலிருந்து நாற்காலி எடுத்து வரலாம் என்று எழுந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நின்றுகொண்டே பேசினார். பேச்சு முழுவதும் அவர் வேட்டியை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. அவன் கை நீட்டுனது தப்புதான், நானே சத்தம் போட்டேன். சாமானை எல்லாம் நல்லாத்தான் வச்சிருக்க. அப்படியே ஏத்திக்கிட்டு வந்துரு. நாங்களே லாரி அனுப்புறோம்."

"வந்தா கடைக்குப் போவலாமுங்களா?"

"கடை எதுக்கும்மா? ஒனக்கு அங்க என்ன கொறை வச்சாங்க?"

"கொறைன்னு நான் சொல்லலைங்க. கடைக்குப் போவலாமான்னுதான் கேக்குறேன்."

அவர் கையை நீட்டித் தலைமாட்டுப் பலகையைத் தொட்டார். விரலில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. துடைக்க இடம் தேடினார். நான் வேலியிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தேன்.

"பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வீம்பு ஆவாதும்மா" என்றார்.

"மாமா, நான் அங்க வந்து சண்டை போட்டனா, சாமானை எறிஞ்சனா, யாரையாச்சும் ஏதாச்சும் பேசுனனா? வேலைக்குப் போறேன்னுதான் சொன்னேன். கல்யாணத்துக்கு முந்தி நீங்களே சரின்னு சொன்ன வேலை அது. அன்னைக்குச் சபையில நீங்கதானே சொன்னீங்க."

அவர் அதை மறுக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் ஒரு மரியாதை உண்டு. "சரி, அவங்கிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் பேச வரவில்லை. கோர்ட்டுக்கான ஏற்பாடுதான் தொடங்கியது.

கட்டிலின் கால்களுக்கு மட்டும் வேறொன்று பூச நினைத்தேன். எங்கள் வீட்டுத் தரையில் கரையான் தொல்லை உண்டு. தேக்கைக் கரையான் தின்னாது என்பார்கள், ஆனாலும் அவர்கள் கொல்லையில் கிடந்ததில் ஒரு காலின் அடியில் தின்ன ஆரம்பித்திருந்தது. கடையில் என்னோடு வேலை பார்க்கிற அக்கா ஆண்டிமடம் பக்கம். அங்கே முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயை வீட்டு உத்தரத்துக்கும் கதவு நிலைக்கும் பூசுவார்கள், கரையான் கிட்டே வராது. கறுப்பாக, கூழ்போல இருக்கும். அவள் ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்து, "கையில பட்டுடாம பாத்துக்க, பொத்துப்போவும்" என்றாள். நான் உறை போட்டுக்கொண்டுதான் பூசினேன். உறையில் ஓட்டை இருந்தது தெரியவில்லை. மறுநாள் வலது உள்ளங்கையும் இரண்டு விரல்களும் கொப்பளித்து, தோல் கறுத்து உரிந்தது.

அந்தக் கையை வைத்துக்கொண்டு அலமாரியைத் தேய்க்க முடியவில்லை. இடது கையால் முயன்றுகொண்டிருந்தேன். அதுவரை மரத்தடிக்கு வராத அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். என் கையை மடியில் வைத்துத் தடவிவிட்டாள். தெருவில் இருவர் போனார்கள், அவள் தலையைத் தூக்கவில்லை. தடவி முடித்ததும் கீழே கிடந்த உப்புத்தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எப்புடித் தேய்க்கிறது? வட்டமாவா, நேராவா?"

"ரேகை போற போக்குல தேய்க்கணும். குறுக்கால தேய்ச்சா கோடு விழும்."

அம்மா தேய்க்க ஆரம்பித்தாள். வயலில் வேலை பார்த்த கை, எனக்கிருந்த அவசரம் அதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்கப்பா இந்த மரத்த அறுக்கும்போது நான் வேணாம்னுதான் சொன்னேன். நெழலு போயிருமேன்னு" என்றாள். எதிர்வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்று, "என்னா, தாயும் மவளும் எறங்கியாச்சா" என்று கேட்டாள்.

"ஆமா, ஒன் பெஞ்சி இருந்தாலும் கொண்டா, தேய்ச்சுத் தர்றோம்" என்றாள் அம்மா. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மாசி வெயிலில் வேம்பு முழுதாகக் காய்ந்த பிறகு அலமாரிக்கு அரக்குப் பாலிஷ் போட்டோம். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணியில் தொட்டு இழுப்பது. ஸ்பிரிட் உடனே பறந்துவிடும், கைவைத்துப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும், அதனால் புழுதி ஒட்ட நேரமில்லை. தண்ணீர் பட்டால் வெளுக்கும் என்கிற குறை உண்டு. வீட்டுக்குள் நிற்கிற அலமாரிக்கு அது பரவாயில்லை. உள்பக்கம் எதுவுமே பூசவில்லை. வேம்பின் கசப்பு வாசனை துணிக்கு நல்லது, பூச்சி வராது.

மேஜைதான் கடைசி. ரப்பர் மரம் வெளுத்த மரம், தண்ணீரைக் கண்டால் உறிஞ்சும். பால் கேன் நின்ற இடங்களில் கறுப்பு வட்டங்கள் விழுந்திருந்தன. எண்ணெயோ அரக்கோ அதைக் காப்பாற்றாது. சூடான பாத்திரமும் குழம்பும் படுகிற மேஜைக்குக் கெட்டியான படலம் வேண்டும். கடையில் பி.யூ. என்போம், இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது. அடித்து முடித்துக் காயும்வரை தூசி கூடாது. வீட்டுக்குள் அடித்தால் நெடியில் இருக்க முடியாது, வெளியே என்றால் லாரி. எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது லாரிக்காரர்கள் வாடகை உயர்த்தச் சொல்லி ஸ்டிரைக் அறிவித்தார்கள். எங்கள் ரோடு அமைதியாயிற்று. புங்க இலைகளின் உண்மையான நிறம் அப்போதுதான் தெரிந்தது. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு மேஜைக்கு பி.யூ. அடித்தேன். கறுப்பு வட்டங்கள் முழுதாகப் போகவில்லை. மங்கலாகத் தெரியும். அதை மறைக்க டார்க் கலர் அடிக்கலாம் என்று முதலாளி போனில் சொன்னார். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை.

ஸ்டிரைக் முடிவதற்குள் மேஜை காய்ந்துவிட்டது. மூன்றையும் வாசல் வழியாகவே வீட்டுக்குள் ஏற்றினோம். தூக்கிக் கொடுக்க அண்ணன் வந்தான், நான் கூப்பிடவில்லை, அம்மா போன் செய்திருக்கிறாள். கட்டிலைத் தூக்கும்போது, "கனம் கொறையவே இல்ல" என்று மட்டும் சொன்னான். அன்று இருந்து சாப்பிட்டான், அவன் வாங்கிக் கொடுத்த மேஜையில்.

கோர்ட்டில் தீர்ப்பாகிச் சில மாதங்கள் கழித்து, ஒரு மதியம், அவர் கடைக்கு வந்தார். என் பழைய புருஷன். முன்பு எந்தக் கவுண்டருக்குள் வந்து என்னை இழுத்தாரோ அதற்கு வெளியே, மற்றவர்களோடு வரிசையில் நின்றார். கடையில் கூட இருந்த அக்கா, "நீ உள்ள போ, நான் பாத்துக்குறேன்" என்று காதோரம் சொன்னாள். நான் நகரவில்லை. கைகளை மட்டும் கவுண்டருக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க, என்ன வேணும்?"

"வாசக்காலுக்கு அடிக்கணும்."

"என்ன மரம்ங்க?"

"வேங்கை."

"மேக்கால பாத்த வாசலா?" எனக்கே தெரியும். ஆனாலும் எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன்.

"ஆமா. எதாச்சும் ஒண்ணு குடு."

"எதாச்சும் ஒண்ணுன்னு இல்லைங்க. வேங்கை ஈரம் பட்டா சாயம் விடும், சுவரெல்லாம் மஞ்சளா எறங்கும். மொதல்ல சீலர் அடிச்சு அடைக்கணும். அது காஞ்சப்புறம் வெளிப்பக்கத்துக்குன்னு இருக்குற வார்னிஷ். சாயங்கால வெயில் நேரா அடிக்கிற வாசல், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மேல ஒரு கோட்டு போட்டுக்கணும். இல்லைன்னா உரிஞ்சிடும்."

அவர் டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் எடுத்து வைத்தேன். குறைச்சலானதையும் எடுக்கவில்லை, தேவையில்லாததையும் எடுக்கவில்லை.

"இன்னும் இங்கதான் நிக்கிறியா" என்றார், மெதுவாக.

"இங்கதான் நிக்கிறேன். பில்லு அந்தப் பக்கம் போட்டுக்குங்க."

அவர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் நின்ற பெயிண்டர் ஒரு நிமிஷம் தயங்கினார். அவர் அந்தப் பழைய நாளிலும் கடையில் இருந்தவர்களில் ஒருவர். பிறகு உப்புத்தாள் வேண்டும் என்றார்.

"எத்தனாம் நம்பர்ணே?" என்று கேட்டேன்.